இளநீர் நீரா?

இளநீர்க்கடை பாய் அரிவாளை ஓங்கி இளநீரின் தலையைச் சீவினார். மட்டைத் துண்டு ஒன்று தெறித்து எங்கள் ஆம்புலன்ஸ் வேன் சக்கரத்தில் பட்டு விழுந்தது.

வேன் நின்றுகொண்டிருந்தது. ஓடவேண்டிய வேன் அது. உள்ளே என் பிள்ளை இருந்தது. பிறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அன்று ஆடிப்பூரத் தேர். ஊரே தெருவில் நின்றது. ராஜபாளையம் ரோட்டைப் பிடிக்க வேன் எந்தச் சந்தில் திரும்பினாலும் ஜனம். சைரன் கத்துகிறது. அதைவிடப் பெரிதாக மேளம் கேட்கிறது. வழி விடத்தான் எல்லாரும் பார்த்தார்கள். விட இடம் இல்லை.

வேனில் நான், என் மச்சான், ஆஸ்பத்திரியிலிருந்து கூட வந்த ஒரு ஆள். அந்த ஆள் ஒரு ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கிப் பிள்ளைக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை நின்றால் எல்லாம் நிற்கும். பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்குக் கண் இருட்டியது. சாய்ந்துவிட்டேன்.

மச்சான் பாட்டில் தண்ணீரை என் மூஞ்சியில் அடித்தார். பாட்டில் காலி. நான் கண்ணைத் திறந்ததும் கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போய் ஒரு இளநீர் வாங்கி வந்தார்.

"காசு கெடக்கட்டும், பொறவு பாத்துக்கிடலாம். ஏலே, வண்டிக்கு வழிய விடுங்கலே!" என்று பாய் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்.

நான் வாயில் வைக்கவில்லை. அதற்குள் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தவர், "அண்ணே, நெறம் மாறுது," என்றார்.

பிள்ளையின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது.

மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த இளநீரை உள்ளங்கையில் சரித்துப் பிள்ளையின் தலையில் ஊற்றினார். "தெரசம்மாள், பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்," என்றார். அவர் குரல் எனக்குக் கேட்டது. அந்தச் சமயத்தில் தேர் அசைந்திருக்க வேண்டும். வெளியே "கோவிந்தா" என்று ஒரே சத்தம். வேன் நகர்ந்தது.

"தண்ணி ஊத்திருங்க"

என் மனைவி ஜெசிந்தாவுக்குக் குறைமாசம். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பிள்ளை அழவில்லை. இங்கே அதற்கு மெஷின் இல்லை, ராஜபாளையத்துக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள்.

ஜெசிந்தா அரை மயக்கத்தில் கிடந்தாள். பிள்ளையை அவள் பார்க்கவே இல்லை. என் சட்டைக் கையைப் பிடித்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

"தண்ணி ஊத்திருங்க."

வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஞானஸ்நானம் கொடுப்பது பாதிரியாரின் வேலை. நாங்கள் அவரைச் சாமியார் என்போம். ஆனால் உயிர் போகும் நேரம் என்றால் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த வார்த்தைகளைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

பிள்ளை பிழைக்குமா என்று அவள் கேட்கவில்லை. அதைக் கேட்க அவளுக்குப் பயம். இதைக் கேட்டாள்.

மதிலுக்கு வெளியே

அவள் ஏன் அதைக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும்.

அவளுடைய சொந்த ஊர் தேவதானத்துக்குப் பக்கம். அவளும் அவள் அண்ணனான என் மச்சானும் பிறப்பதற்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு ஆண் பிள்ளை பிறந்து அன்றைக்கே செத்துப்போனது. ஞானஸ்நானம் கொடுக்க நேரமில்லை. அந்தக் காலத்து வழக்கப்படி அதைக் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே, ஒரு வேலிக்கருவை முள்மரத்துப் பக்கம் புதைத்தார்கள்.

கல்லறைத் திருநாள் அன்று எல்லாரும் உள்ளே போய் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். என் மாமியார் தெரசம்மாள் உள்ளே ஏற்றிவிட்டு வெளியே வந்து அந்த முள்மரத்துப் பக்கம் ஒன்று ஏற்றுவார்களாம். காற்றில் நிற்காதாம். பிள்ளைகள் இரண்டு பேரும் பாவாடையையும் துண்டையும் விரித்துக் காற்றை மறைத்து நிற்பார்களாம்.

"அந்தப் பிள்ள எங்க இருக்கும்மா?" என்று மச்சான் கேட்பாராம்.

"மோட்சத்துலயும் இல்ல, நரகத்துலயும் இல்ல. நடுவுல."

"நடுவுலன்னா எங்க?"

மாமியாருக்கு அதற்குமேல் தெரியாது. அடி விழுமாம்.

இப்போது சபை அப்படிச் சொல்வதில்லை. ஆண்டவருடைய இரக்கத்தில் ஒப்படைக்கிறோம் என்றுதான் சொல்கிறது. மதிலுக்கு உள்ளேதான் புதைக்கிறார்கள். ஆனாலும் சின்ன வயதில் காற்றில் மெழுகுவர்த்தி அணைந்ததைப் பார்த்தவளுக்கு அதெல்லாம் போய்ச் சேர்வதில்லை.

சாமி மச்சான்

மச்சான் பெயர் அமலதாஸ். எனக்கு மூத்தவர். அந்தக் கேள்வியோடுதான் சாமியாராகப் படிக்கப் போனார். தத்துவம் முழுக்கப் படித்தார். அதற்குமேல் போகாமல் திரும்பி வந்துவிட்டார். ஏன் என்று கேட்டால், "கேள்வி தீரல மாப்ள," என்பார். வேறு எதுவும் சொல்ல மாட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஞாயிறு பூசைக்கு வருவார். உள்ளே வர மாட்டார். வாசலில் வேம்படியில் நின்று கேட்பார். பூசையில் கொடுக்கிற அப்பத்தை, அதாவது நன்மையை, வாங்க மாட்டார். வீட்டில் அவருக்குப் பெயர் சாமி மச்சான். டீக்கடையில் ஃபிலாசபி.

"ஏலே ஃபிலாசபி, டீயில சீனி இருக்கா இல்லையாலே?"

"இருக்குன்னு நெனைக்கிறது வேற, இருக்கிறது வேற அண்ணாச்சி."

கடையே சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார். டீயைக் குடித்துப் பார்த்துவிட்டு, "இருக்கு," என்பார்.

நான் எட்டாவதோடு சரி. மில் வேலை. என்னிடம் ஏன் இதெல்லாம் பேசுகிறார் என்று நினைப்பேன். குறுக்கே பேசாமல் கேட்பதால் இருக்கலாம்.

ஒருநாள் பிளவக்கல் அணைப் பக்கம் போயிருந்தபோது பயத்தைப் பற்றிச் சொன்னார். "பயம் ரெண்டு வகை மாப்ள. ஒண்ணு அடிமைப் பயம். அடி விழும்னு பயப்படுறது. இன்னொண்ணு பிள்ளைப் பயம். அப்பன விட்டுப் பிரிஞ்சிருவோமோன்னு பிள்ள பயப்படுறது. கடவுள்கிட்ட ரெண்டாவது பயந்தான் இருக்கணும்."

அன்றைக்குத் தலையாட்டினேன்.

வேனில் இருந்தபோது அது ஞாபகம் வந்தது. அப்பனை இழக்கிற பயத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பிள்ளையை இழக்கிற அப்பனுடைய பயத்துக்கு என்ன பெயர்? அவர் சொன்ன இரண்டிலும் அது இல்லை.

"யாரு அபிஷேகம் பண்ணது?"

ராஜபாளையத்தில் அது ஒரு பிள்ளைகள் ஆஸ்பத்திரி. சின்னதுதான். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே ஒரு கண்ணாடி அறை. பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். கதவைச் சாத்தினார்கள்.

டாக்டர் வெளியே வந்து, "நாளைக்குக் காலை வரைக்கும் எதுவும் சொல்ல முடியாது. நம்பிக்கையா இருங்க," என்றார்.

ஞான உபதேச வகுப்பில் எங்களுக்கு விசுவாசம் வேறு, நம்பிக்கை வேறு. விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று மூன்று புண்ணியம். அதற்கு அடுத்து விவேகம், நீதி, திடம், மட்டசனம் என்று நான்கு. நான் எப்போதும் மட்டசனத்தில் மாட்டிக்கொள்வேன். என் அப்பா கொத்தனார். சுவரில் ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். மட்டசனம் என்றால் மனசுக்கு வைக்கிற ரசமட்டம் என்று நினைத்துக்கொண்டேன். ஆசையை அளவில் வைப்பது என்று பின்னால் மச்சான் சொன்னார். நான் நினைத்தது ரொம்பத் தப்பில்லை.

அந்த வராண்டாவில் என்னிடம் ஏழில் எது இருந்தது என்று தெரியவில்லை.

ஜெசிந்தா போன் செய்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது.

"ஊத்தியாச்சா?"

"ஆச்சு. ஒங்க அண்ணந்தான்."

நீளமாக ஒரு மூச்சு விட்டாள். "இனி ஆண்டவர் பாத்துக்கிடுவாரு," என்றாள். நான் போனை வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் கண்ணாடி அறைக் கதவு திறந்தது. ஒரு நர்ஸ் அம்மா வந்தது. கிருஷ்ணவேணி என்று பெயர் குத்தியிருந்தது. கையில் ஒரு பஞ்சு. முகத்தில் கோபம்.

"பிள்ள காதோரம் இளநி வழுக்க ஒட்டியிருக்கு. யாருண்ணே அபிஷேகம் பண்ணது? ஈரத்தோட கொண்டாந்திருக்கீங்க. இதுக்கு ஒடம்புல சூடு நிக்க மாட்டேங்குது. பாவம், இத்தனூண்டு இருக்கு."

நான் மச்சானைப் பார்த்தேன்.

அவர் அந்தப் பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சில் வெள்ளையாகத் துளியூண்டு வழுக்கை இருந்தது. அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

செல்லாது

மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். நானும் போனேன்.

"மாப்ள, அது செல்லாது."

"எது?"

"நான் ஊத்துனது. இளநீரு. தண்ணியா இருக்கணும் மாப்ள. கெணத்துத் தண்ணி, ஆத்துத் தண்ணி, மழத் தண்ணி, கடல் தண்ணி, எதுனாலும் தண்ணி. இது தண்ணி இல்ல."

"இளநீருன்னாலே நீருதான மச்சான்?"

"பேருல நீர் இருந்தா நீரா ஆயிருமா? வெந்நீரு, செல்லும். பன்னீரு, செல்லாது. கண்ணீருலயுந்தான் நீரு இருக்கு. கையில இருந்துச்சு, ஊத்திட்டேன். படிச்சது ஒண்ணுங்கூட அந்நேரத்துக்கு வரல."

எனக்குக் கோபம் வந்தது. பயம் முற்றினால் எனக்குக் கோபம்தான் வரும்.

"மச்சான், நீரு நன்ம வாங்குறதில்ல. கோயிலுக்குள்ள கால வைக்கிறதில்ல. ஒமக்கு எதுக்கு இந்தச் சட்டம்? சும்மா இருந்திருக்கலாம்லா?"

"நான் நம்புறேனா இல்லையாங்கிறது வேற மாப்ள. அது செல்லுமா செல்லாதாங்கிறது வேற."

"ஜெசிந்தாகிட்ட ஆச்சுன்னு சொல்லிட்டேன்."

"தெரியும்."

"அவகிட்ட சொல்லக்கூடாது. தையல் போட்டுக் கெடக்கா."

அவர் படியிலிருந்து எழுந்தார். பிறகு, "இப்ப சொல்ல வேண்டாம். சரியாக்கிட்டுச் சொல்லுவோம். ஆனா சொல்லணும்," என்றார்.

பங்குச் சாமியாருக்குப் போன் போட்டோம். எடுக்கவில்லை. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையைப் பிடித்தோம். சாமி தியானத்துக்கு மதுரை போயிருக்கிறார், நாளைக்குத்தான் வருவார் என்றார். டாக்டர் சொன்ன காலையும் நாளைக்குத்தான்.

நான் உள்ளே போகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். விடவில்லை. வேறு பிள்ளைகளும் இருக்கின்றன, வெளியாள் யாரும் கூடாது என்றார்கள். நியாயம்தான்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். குழாய்களுக்கு நடுவே ஒரு கை தெரிந்தது. என் கட்டைவிரல் அளவு இருந்தது. மதிலுக்கு உள்ளே அது. நான் வெளியே. யாருக்குக் காற்று மறைப்பது என்று தெரியவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

மச்சான்தான் போய் கிருஷ்ணவேணி அம்மாவைக் கூப்பிட்டார். எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். இளநீரையும் சொன்னார்.

அந்த அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

"நான் செய்யணுமா? அண்ணே, நெத்தில பாருங்க. காலைல பெருமாள் கோயிலுக்குப் போயிட்டு வந்துதான் டூட்டிக்கு நிக்கேன். நான் செஞ்சா ஒங்க சாமி ஒத்துக்கிடுமா?"

"ஒத்துக்கிடும்மா. தண்ணி தண்ணியா இருக்கணும். சொல்லு சொல்லா இருக்கணும். நாங்க எத நெனச்சுச் செய்வோமோ அத நெனச்சுச் செய்யணும். செய்றது யாருங்கிறது கணக்குல வராது."

"யாரு இப்பிடி எழுதி வச்சது?"

"ரொம்பக் காலமா யோசிச்சு யோசிச்சு முடிவு பண்ணிருக்காவ."

எனக்கு அதுவரை யோசனை என்றால் கதவைச் சாத்துகிற காரியம் என்றுதான் எண்ணம். இளநீர் செல்லாது என்று சாத்தியதும் யோசனைதான். அதே யோசனை ஒரு பெருமாள் கோயில் பொம்பளைக்குக் கதவைத் திறந்து விடுகிறது. மச்சான் எதற்காக அத்தனை வருஷம் படித்தார் என்பது அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது.

"நாளைக்கு எவனாவது மதம் மாத்துனாங்கன்னு வம்பு கெளப்பினா?"

"என் பிள்ளைம்மா. நான்தான் கேக்கேன்," என்றேன். அன்றைக்கு நான் உருப்படியாகப் பேசியது அது ஒன்றுதான்.

அந்த அம்மா டாக்டரிடம் போனது. திரும்பி வந்து, "ரெண்டு சொட்டுக்கு மேல கூடாதாம். ஒடனே தொடச்சிரணுமாம். ஊசி மருந்துக்குக் கலக்குற சுத்தத் தண்ணி இருக்கு. வெதுவெதுன்னு ஆக்கிக்கிடுதேன். அது தண்ணிதான?" என்றது.

"தண்ணியேதான். ஆனா ஓடணும்மா. ஒட்டி நிக்கக்கூடாது, தோல் மேல கொஞ்சம் ஓடணும்."

"ரெண்டு சொட்டு எப்பிடி ஓடும்?"

"நெத்தி மேட்டுல விட்டா ஓடும்."

பிறகு வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்தார். அந்த அம்மா வீட்டில் தெலுங்கு. "சுதன்"னில் நாக்கு இடறியது.

"சுதன்னா யாரு?"

"மகன்."

"மகன்னே சொல்லிட்டா?"

"அதுவும் செல்லும்."

"வேண்டாம். நீங்க சொல்லுத மாதிரியே சொல்லுதேன்." சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று முணுமுணுத்தது. பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி இருந்தது. பிறகு உள்ளே போனது.

நான் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

மில்லில் மெஷின் ஓடும்போது காது உதவாது. உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். அந்தப் பக்கம் நிற்கிறவன் என்ன திட்டுகிறான் என்றுகூடச் சொல்லிவிடுவேன். அந்தத் தைரியத்தில்தான் நின்றேன். ஆனால் அந்த அம்மா மாஸ்க் போட்டிருந்தது.

சின்னக் குப்பியை உடைத்தது. பிள்ளை மேல் குனிந்தது. மாஸ்க் துணி உள்ளே போய் வெளியே வந்தது. பேசுகிறது என்று தெரிந்தது. என்ன பேசுகிறது என்று தெரியவில்லை. கை மறைத்தது. தண்ணீரையும் நான் பார்க்கவில்லை.

பிள்ளை காலை ஒரு தரம் உதறியது. அதைப் பார்த்தேன்.

வெளியே வந்து மாஸ்க்கை இறக்கிவிட்டு, "சொல்லிட்டேண்ணே," என்றது. கண் ஈரமாக இருந்தது. உடனே உள்ளே போய்விட்டது.

"எந்த சிஸ்டர்?"

ஜெசிந்தாவுக்கு நான்தான் போன் போட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"ஞானஸ்நானம், இப்ப சிஸ்டர் குடுத்துட்டாங்க," என்றேன்.

"சிஸ்டரா? கான்வென்ட் சிஸ்டர் வந்திருக்காங்களா? ஆண்டவரே, ஒமக்குத் தோத்திரம்."

எங்கள் ஆட்கள் கன்னியாஸ்திரியையும் சிஸ்டர் என்போம், நர்ஸையும் சிஸ்டர் என்போம். அவள் சந்தோஷப்பட்டாள். நான் அப்படியே விட்டுவிடப் பார்த்தேன். மச்சான் போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"ஏட்டி, கான்வென்ட் சிஸ்டர் இல்ல. நர்ஸ் சிஸ்டர். பேரு கிருஷ்ணவேணி. நான் மொதல்ல ஊத்துனது செல்லாது. இளநிய ஊத்திட்டேன். இப்ப அந்தம்மா ஊத்துனதுதான் செல்லும்."

நான் போனைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன்.

பிறகு சிரிப்புக் கேட்டது. போனுக்கு வெளியே எனக்கே கேட்டது.

"இளநியா? எம்புட்டுப் பெரிய படிப்பு படிச்ச அண்ணே நீ! அய்யோ, சிரிக்க வைக்காத, தையல் இழுக்கு."

"நம்ம அம்மா பேரத்தான் வச்சிருக்கேன்."

சிரிப்பு நின்றது. அழுதாள். மச்சான் போனை என்னிடம் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னங்க, மூஞ்சி எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள்.

நான் பார்த்தது குழாயும் பிளாஸ்திரியும்தான். "ஒன்னய மாதிரி இருக்கு," என்றேன். அதை மச்சான் கேட்டார். இது செல்லாது என்று சொல்லவில்லை.

மறுநாள் காலையில் டாக்டர், "பரவாயில்ல, தானா மூச்சு எடுக்குது," என்றார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தொட்டித் தண்ணீர்

பிள்ளை வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்துக் கோயிலுக்குத் தூக்கிப் போனோம். அவசரத்தில் தண்ணீர் மட்டும் ஊற்றின பிள்ளைக்கு எண்ணெய் பூசுவது, வெள்ளைத் துணி போர்த்துவது, மெழுகுவர்த்தி கொடுப்பது பாக்கி இருக்கும். அதைச் செய்ய வேண்டும்.

பங்குச் சாமியார் கவனமான ஆள். ஊற்றியவரையும் கூட்டி வாருங்கள் என்றார். கிருஷ்ணவேணி அம்மா ராஜபாளையத்திலிருந்து வந்தது. தலையில் பூ, நெற்றியில் பொட்டு. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரலாமா என்று நின்றது. ஜெசிந்தா கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். மச்சானும் அன்றைக்கு வேம்படியை விட்டு உள்ளே வந்தார். சாட்சி சொல்ல வேண்டும் அல்லவா.

சாமியார் கேட்டார். "என்ன தண்ணிம்மா?"

"ஊசிக்குக் கலக்குற தண்ணி சாமி."

"எங்க ஊத்துனீங்க?"

"நெத்தி மேட்டுல. காதுப் பக்கமா ஓடுச்சு. பொறவு தொடச்சேன்."

"என்ன சொன்னீங்க?"

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னது. ஒரு எழுத்து பிசகவில்லை.

"என்ன நெனச்சுச் செஞ்சீங்க?"

அதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தது. "இவிய என்னத்தக் கேக்காவளோ, அது இந்தப் பிள்ளைக்குக் கெடைக்கணும்னு நெனச்சேன்."

சாமியார் தலையை ஆட்டினார். என் பக்கம் திரும்பினார். "அவங்க சொன்னத நீங்க காதால கேட்டீங்களா?"

"இல்ல சாமி. கண்ணாடி. மாஸ்க் வேற. தண்ணியும் கண்ணுல படல." சொல்லும்போதே அந்த வராண்டா முழுக்கத் திரும்பி வந்தது. நாவல்பழ உதடு, அந்தப் பஞ்சு, வழுக்கை. "சாமி, எதுக்கும் இன்னொரு தடவ ஊத்திருங்களேன்."

கிருஷ்ணவேணி அம்மாவின் முகம் சுருங்கியது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் வாயை மூட முடியவில்லை. "பயமா இருக்கு சாமி," என்றேன்.

சாமியார் பதில் சொல்லுமுன் மச்சான் சொன்னார்.

"மாப்ள, அவிய சொன்னேன்னு சொல்லுதாவ. பொய் சொல்ல அவியளுக்கு ஒரு காரணமும் இல்ல. திரும்ப ஊத்துனா அவிய சொன்னத நாம நம்பலன்னு ஆயிரும். சந்தேகம் இருந்தாத்தான் ஊத்தலாம். ஒமக்கு இருக்கிறது சந்தேகம் இல்ல. பயம். பயம் வேற, சந்தேகம் வேற."

"ஆமா," என்றார் சாமியார்.

பிள்ளையை வைத்திருந்த ஜெசிந்தா அதைக் கிருஷ்ணவேணி அம்மாவின் கையில் கொடுத்தாள். அந்த அம்மா கழுத்துக்குக் கை கொடுத்து வாங்கியது. பழகின கை.

அந்தக் கையில் வைத்தே சாமியார் எண்ணெய் பூசினார். நான் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டேன். மின்விசிறிக் காற்றில் சுடர் சாய்ந்தது. மச்சான் பக்கத்தில் வந்து கையால் மறைத்தார். ஞானஸ்நானத் தொட்டியில் தண்ணீர் நிறைந்து இருந்தது. யாரும் தொடவில்லை. நான் மட்டும் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்தோம். உச்சி வெயில். எதிரே ஒரு வண்டியில் இளநீர் குவிந்து கிடந்தது.

"இளநி குடிக்கீயளாம்மா?" என்று மச்சான் கிருஷ்ணவேணி அம்மாவிடம் கேட்டார்.

"பிள்ளைய வெயில்ல வச்சுக்கிட்டு நிக்காதீய," என்று சொல்லிப் பிள்ளையை என்னிடம் கொடுத்தது.

துண்டை எடுத்துப் பிள்ளையின் தலையை மூடினேன். தலை சூடாக இருந்தது. வெயில் சூடா, காய்ச்சல் சூடா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பஸ் ஸ்டாண்ட் வரை நடந்தேன்.